எங்கள் கூலியை நான் காத்த விதம்

மகன்,

உனக்கு என் ஸலாம். வழக்கமாக நான் கசட்டில்தான் பேசி அனுப்புவேன், இந்த முறை எழுதுகிறேன். கசட் என்றால் நீ அறையில் போடுவாய். உன்னோடு இருக்கிற எட்டுப் பேரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். அவர்களுக்கும் ஊர்ச் சத்தம் கேட்க ஆசை இருக்கும், அதில் பிழை இல்லை. ஆனால் இதை நீ மட்டும் வாசிக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். எங்கள் ஒழுங்கை வீடுகளில் புருஷன்மார் வெளிநாட்டில் இருக்கிற அரைவாசிப் பெண்களுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் கை பழகியிருக்கிறது. எனக்காக எழுதித்தான் பழக்கமில்லை. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. தங்கச்சி நஸீராவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தவள், கடைசித் தாளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். காக்கா சுகமாக இருக்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லி மடித்து வைத்தேன். பிறகு குசினிக்குள் போய் அந்தத் தாளை மட்டும் வாசித்தேன். நேபாளத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து உங்கள் காம்பிலேயே இறக்கியிருக்கிறார்கள், நீங்கள் வாங்குகிறதில் பாதிக்கு அவர்கள் கம்பி கட்டுகிறார்கள், ஒப்பந்தம் முடிகிற உங்கள் ஆட்களுக்கும் இனி அந்தப் பாதிதான் என்று போர்மன் சொல்லிவிட்டான். இது வரைக்கும் எனக்கு விளங்கியது. பிறகு ஸ்டோரில் காணாமல் போன செப்பு வயரைப் பற்றி எழுதியிருந்தாய். அதை யார் எடுத்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த நேபாள ஆட்கள்தான் எடுத்தார்கள் என்று, லீவில் போன பெரிய மனேஜர் திரும்பி வந்ததும் நீ போய்ச் சொல்ல வேண்டும் என்று அறையில் முடிவெடுத்திருக்கிறீர்கள். உனக்குத்தான் இங்கிலீசும் அரபும் கொஞ்சம் கதைக்க வரும் என்பதால். "ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் உம்மா, அவங்கள ஏத்தி அனுப்பிருவாங்க, எங்கட சம்பளம் தப்பும், நஸீராட வீட்டுக்கு ஓடும் போட்டிரலாம்" என்று எழுதி, என்னை அல்லாஹ்விடம் துஆச் செய்யச் சொல்லியிருந்தாய்.

துஆச் செய்ய உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். உங்கள் மனேஜர் மாசக் கடைசியில்தான் வருவார் என்று எழுதியிருந்தாய். கல்முனைத் தபால் கந்தோரில் கேட்டேன், கட்டாருக்குப் பத்து நாளில் போய்விடும் என்றார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன் வாப்பா முதலாளிமாரின் ட்ரெக்டரை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போய்த் திரும்பி வராமல் போன வருஷம் உனக்குப் பதின்மூன்று வயது. ட்ரெக்டரை வாய்க்கால் ஓரத்தில் கண்டெடுத்தார்கள். ஆளைக் காணவில்லை, இன்று வரைக்கும் இல்லை. தமிழ் இயக்கக்காரர்தான் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். மவுத்தாகிவிட்டார் என்றே எடுத்து, வெளியே போகாமல் இத்தா இருந்து முடித்த நாலாம் நாள் நான் சம்மாந்துறை மில்லுக்கு நெல் அவிக்கப் போனேன். உம்மா மில்லில் வேலை செய்தாள் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை என்று நீ பார்த்ததில்லை. ஊறிய நெல்லைத் தொட்டியிலிருந்து அள்ளி, உமி அடுப்பில் அவித்து, சூட்டோடு சுமந்து போய்ச் சீமெந்துக் களத்தில் கொட்டிப் பரத்த வேண்டும். பிறகு வெயிலில் அங்குமிங்கும் நடந்து நடந்து காலால் கிண்டிவிட வேண்டும். முதல் மாதம் உள்ளங்கால் தோல் உரிந்தது. பிறகு அது தடித்துவிட்டது. நான் போன காலத்தில் பதினாறு பெண்கள் இருந்தோம். கூலி மிகக் குறைவு. கூட்டிக் கேட்டால், வாசலில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று மனேஜர் சொல்வார். அது உண்மையும்தான்.

பிறகு ஒவ்வொருத்தியாகப் போகத் தொடங்கினார்கள். ஒருத்தி சவூதிக்குப் போனாள், அவளுடைய தங்கச்சி குவைத்துக்குப் போனாள், ஒரே மாதத்தில் மூன்று பேர் போனதும் உண்டு. போனவர்களின் வீட்டிலிருந்து காசு வந்ததைப் பார்த்து, வாசலில் வேலைக்கு நின்றவர்களும் போய்விட்டார்கள். என்னை மாதிரி, பிள்ளைகளை விட்டுப் போக ஒரு இடம் இல்லாதவர்கள் ஐந்து பேர் மிஞ்சினோம். எங்களில் மூத்தவள் ராவியாத்தா. அவவுக்குச் சீனி வியாதி, அதனால் ஏஜன்சிக்காரன் எடுக்கவில்லை. பதினாறு பேரின் வேலையை ஐந்து பேர் செய்தோம், கூலி மட்டும் அதே கூலி.

ஒரு நாள் அவித்த நெல் களம் நிறையக் கிடக்கிறது, வாடைக்காற்றோடு மழை இருட்டிக்கொண்டு வருகிறது. முதலாளியே வெளியே வந்துவிட்டார். நாங்கள் எழும்பி ஓடப் பார்த்தோம். ராவியாத்தா தாவாரத்தில் உட்கார்ந்தபடியே கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள்.

"மழ வருது முதலாளி."

"வருதுதானே. அள்ளுங்க."

"அஞ்சு பேரால ஏலா. இது பத்துப் பேர்ட வேல. பத்துப் பேர்ட கூலியத் தந்தா அள்ளுறம்."

அவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். "பத்து ஏலா. எட்டுப் பேர்ட தாறன்" என்றார். நாங்கள் ஓடினோம், மகன். ஒரு மணி நெல்லும் நனையவில்லை. அந்தக் கிழமையிலிருந்து ஐந்து பேரும் எட்டுப் பேரின் கூலியைப் பிரித்து எடுத்தோம். பெருநாளைக்கு மீண்டும் கூட்டித் தந்தார். காலையில் எங்களை ஏற்றிவர லேண்ட் மாஸ்டர் வண்டியும் அனுப்பினார். ஒருத்தி வராவிட்டால் ஆள் விட்டுக் கேட்பார். நீ கல்முனைக்கு இங்கிலீசு வகுப்புக்குப் போகத் தொடங்கியதும், சப்பாத்து வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். நான் ஏதோ கெட்டித்தனம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆள் இல்லாததால் வந்த கூலி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த போகத்தில் முதலாளி ஏழு பெண்களைக் கொண்டுவந்தார். சொறிக்கல்முனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய வயல் மூன்று போகமாக விதைக்காமல் கிடந்தது. ஆம்பிளைகள் ரோட்டில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றியைத் தாண்டி வரப் பயப்படுவார்கள், பொம்பிளைகள் வரலாம். அவர்களுக்கு எங்கள் கூலியில் பாதி. மனேஜர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு, அறுவடை முடியிற வரைக்கும் உங்களுக்குக் கூட்டுவதற்கு முந்தின பழைய கூலிதான், விருப்பமானவர்கள் நில்லுங்கள் என்றார். லேண்ட் மாஸ்டர் அடுத்த நாளே நின்றுவிட்டது.

அவர்களில் ஒருத்தியின் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். பிலோமினா. என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். களத்தில் எனக்குப் பக்கத்து வரிசையில் நடப்பாள். இரண்டாம் நாள் அவளுடைய கால் பொக்களித்திருந்தது. தேங்காயெண்ணெய் போடு புள்ள, தண்ணீர் படவிடாதே என்று சொன்னேன். பகல் சாப்பாட்டுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருவாள். நான் மீன் குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் வயல்காரன் என்றாள். என் புருஷனைக் கேட்டாள், நான் சொன்னேன். அவள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட பக்கத்திலயும் அப்படிப் போனவங்க இரிக்காங்க அக்கா" என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைக் கதைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, தண்ணீர்ப் பைப்பில் கால் கழுவும்போது நான் அவளிடம் கேட்டேன்.

"நீங்க ஏழு பேரும் நாங்க அஞ்சு பேரும் சேந்து கேட்டா என்ன? எல்லாருக்கும் ஒரே கூலியத் தரச் சொல்லி?"

"கேட்டா நாளைக்கு வரவேணாமெண்டுவார் அக்கா. உங்களுக்கு இஞ்ச ஊர் இரிக்கி. நாங்க சென்றி தாண்டி வாறம்."

"பன்னிரெண்டு பேரும் நிண்டா அவருக்கு ஆள் ஏது?"

அவள் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நான் மற்ற ஆக்களோட கதைச்சிப் பாக்கிறன். நாளைக்கு வேலை இல்லதானே. சனிக்கிழம வந்து சொல்றன்" என்றாள்.

நான் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை உன் ஏஜன்சிக்காரன் வீட்டுக்கு வந்தான். கட்டாருக்கு விசா இருக்கிறது, மூன்று மாதத்தில் காசு கட்டினால் உன்னை அனுப்பலாம் என்றான். பழைய கூலியில் மூன்று மாதத்தில் அது முடியாது, கூடின கூலியில் முடியும். அவன் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். நான் சால்வையைப் போட்டுக்கொண்டு நேரே சென்றிக்கு நடந்தேன். அங்கே சிங்களம் தெரிந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மொழி சொல்ல நிற்பார். அவரிடம் சொன்னேன். "மில்லுக்கு வாற பொம்புளைகள்ல ஒருத்திட ஆக்கள் இயக்கத்தில இரிக்காங்களாம்." எந்தப் பொம்புளை என்று கேட்டார். மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. பிலோமினா என்று சொன்னேன். அவர் திரும்பி அங்கே நின்றவரிடம் சிங்களத்தில் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சோறு ஆக்கினேன். உனக்கு அன்றைக்குக் கணவாய் கறி.

அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. கோபமும் இல்லை. பிறகாவது பயம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. வாப்பா போன நாளிலிருந்து எனக்குள் ஒரு இடம் மரத்துப்போய்க் கிடக்கிறது. கொதிக்கிற நெல்லில் கால் வைத்தாலும் தெரியாத மாதிரி. அதையே காரணமாகச் சொல்லித் தப்பிவிடலாம். சொல்லமாட்டேன். வாப்பாவுக்காக நான் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாப்பா என் நினைவிலேயே இல்லை. கூலிதான் இருந்தது.

சனிக்கிழமை அவர்கள் வரவில்லை. ஏழு பேரையும் சென்றியில் வெயிலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று உமி ஏற்றப் போன லொறிக்காரன் வந்து சொன்னான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆறு பேரைத் திருப்பி அனுப்பினார்களாம், ஒருத்தியை வைத்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் மில்லுக்கு வரவில்லை. திங்கட்கிழமை லேண்ட் மாஸ்டர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து ஹோர்ன் அடித்தது. கூலி பழையபடி ஏறியது. ராவியாத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அல்லாஹ் எங்கட கூலியக் காப்பாத்தித் தந்துட்டான் புள்ள" என்றாள். நான், "ஓம்" என்றேன். மூன்று மாதத்தில் ஏஜன்சிக் காசைக் கட்டினேன். நீ போனாய்.

அந்தக் கூலி எவ்வளவு காலம் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருஷம் முடியவில்லை, முதலாளி கொழும்பிலிருந்து ஒரு மெசின் கொண்டுவந்தார். நெல்லை அவிக்கவும் காயவைக்கவும் அதுவே போதும், களமே தேவையில்லை. இவ்வளவு கூலி கொடுத்து உங்களைப் பிடித்து வைப்பதைவிட இது மலிவு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்று பேரை நிறுத்தினார். நிறுத்தியதில் நானும் ஒருத்தி. மில்லுக்குப் போகவில்லை, முழங்கால் வருத்தம் என்று உனக்குக் கசட்டில் சொன்னது பொய்.

பிலோமினாவை மறுபடி கண்டது போன மாதம். உன் டிராப்டை மாற்றக் கல்முனைக்குப் போய், பேங்க் திறக்கும் வரைக்கும் பக்கத்துக் கடை நிழலில் நின்றேன். பக்கத்தில் ஏஜன்சிக்கு ஏறுகிற படி. கையில் ஒரு பைலோடு ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டாள்.

"அக்கா, மில்லுக்கு இன்னும் போறீங்களா?"

"இல்ல. மெசின் வந்திட்டு."

"நான் லெபனானுக்குப் போறன். மெடிக்கல் முடிஞ்சிது." பைலை மடியில் சரிசெய்துகொண்டாள். நான் கேட்காமலே தொடர்ந்து சொன்னாள். அவளை மூன்று நாள் வைத்திருந்தார்களாம். புருஷனை வரச் சொல்லி, அவன் வந்த பிறகு அவளை விட்டுவிட்டு அவனை வைத்துக்கொண்டார்களாம். "பதினொரு மாசம். இப்ப வீட்டதான் இரிக்கார். வேலைக்கு ஏலா. தோளுக்கு மேல கை எழும்பாது." அதனால்தான் அவள் போகிறாளாம். பிள்ளைகளை அவளுடைய அம்மா பார்ப்பாவாம்.

பிறகு அவள் சொன்னாள்: "அண்டைக்குச் சனிக்கிழம நாங்க ஏழு பேரும் ஓமெண்டு சொல்லத்தான் வந்தம் அக்கா. நீங்க கேட்டீங்களே, சேந்து நிக்கிறதெண்டு. ராவு ராவாக் கதைச்சி எல்லாரும் சம்மதிச்சிட்டாங்க."

பேங்கைத் திறந்துவிட்டார்கள், ஆட்கள் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. "சென்றியில ஒன்ட பேரச் சொன்னது நாந்தான் புள்ள" என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரித்தான் குரல் வந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பைலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். "உங்கட பக்கத்தில என்ர பேர் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டுந்தான்." பிறகு கேட்டாள். "உங்கட புருசனுக்காகத்தானே செஞ்சீங்க?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எனக்கு நீட்டினாள். "இல்ல. கூலிக்காக" என்றேன்.

"புருசனுக்காகவெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிக்கொண்டிருந்தன்" என்றாள். "அப்படியெண்டா எனக்கு விளங்கும்." மேலே அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் படியேறினாள். நான் காசை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் அந்தக் காசில் அரைக் கிலோ மீன் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு, மீனை வெட்டிக்கொண்டிருக்கும்போது, பாதியில் கத்தியை வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அழவில்லை.

மகன், நான் சொன்னதும் ஒரு சொல்தான். உன் மனேஜரிடம் நீ போகாதே. உன்னோடு இருக்கிறவர்கள் கோபிப்பார்கள், பயந்தவன் என்பார்கள், சொல்லட்டும். அந்த நேபாள ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களும் யாரோ ஒரு ஏஜன்சிக்குக் கடன்பட்டுத்தான் அங்கே வந்திருப்பார்கள். அவர்கள் பாதிக்கு வேலை செய்வது உங்களைக் கெடுக்க இல்லை, முழுதாகக் கேட்க அவர்களுக்குப் பயம். முடிந்தால் அவர்களில் ஒருவனோடு கதை. பாஷை தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. சேர்ந்து கேட்டால் தருவார்கள் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், அங்கே அதற்கெல்லாம் இடம் இருக்கிறதோ தெரியாது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரைக்கும் பொறுத்திரு என்று மட்டும்தான் சொல்ல முடியும். நான் இரண்டு நாள் பொறுக்கவில்லை.

சம்பளம் பாதியானால் அந்தப் பாதியை அனுப்பு. அதுவும் முடியாவிட்டால் திரும்பி வா. நீ நஸீராவின் வீட்டை நினைத்துத்தான் இதற்குத் துணிந்தாய் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் வீடு இல்லாமல் பெண்ணை எடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் நேற்றுப் பகல் நான் அவளுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் இருந்தார்கள். இந்த வருஷம் ஓடு போட முடியாது, அடுத்த வருஷமும் உறுதியில்லை, மகனின் சம்பளம் குறைகிறது, அதை நம்பிச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். தேத்தண்ணீர் தந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வாசல் வரைக்கும் கூட வரவில்லை.

வந்து நஸீராவிடம் சொன்னேன். அவள் மெசினில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தைத்த கரையை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். இந்தக் கலியாணத்தை அவள் விரும்பியிருந்தாள், அது உனக்கும் தெரியும். ஏன் உம்மா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அன்றைக்குக் கடிதத்தை நான் பாதியில் மடித்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

"காக்கா என்ன செஞ்சார்?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் செய்யல்ல" என்றேன்.

அது உண்மைதானா என்று நீ எனக்கு எழுத வேண்டும். கசட் வேண்டாம், எழுது.

உன் உம்மா